மைதானத்தின் அடியில் உள்ள செய்தி: வன்னியின் விளையாட்டு நிருபருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சமாதான ஊடகவியல் என்ற எண்ணக்கருவை முன்வைத்த நோர்வே அறிஞர் யொஹான் கல்டுங், போரை எழுதும் ஊடகங்கள் விளையாட்டுச் செய்தியின் அச்சிலேயே அதை வார்க்கின்றன என்று குறை கூறினார். இரண்டு அணிகள், ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. நோயைப் பற்றி எழுதும் நிருபர் அதன் காரணத்தையும் பரவும் வழியையும் தடுக்கும் வழியையும் தேடுவதைப் போல மோதலையும் அணுக வேண்டும் என்பது அவர் சொன்ன மாற்று வழி. நம்முடைய தொழிலைத் தவறான எழுத்துக்கு உதாரணமாக ஒருவர் காட்டுவது விளையாட்டு நிருபர்களுக்குச் சற்று உறைக்கத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொன்னதில் பிழை காண்பது கடினம்.

அதேவேளை, ஒரு கிராமத்தின் முரண்பாடுகளையும் அதன் நிலம், நீர், மண் ஆகியவற்றின் நிலையையும் அறிய அரசியல் நிருபரைவிட நமக்கே வாய்ப்பு அதிகம் என்பது என் நீண்டநாள் எண்ணம். அரசியல் நிருபர் மறியல் போராட்டம் நடக்கும் நாளில் மட்டும் வருகிறார். நாமோ ஆண்டு முழுவதும் அதே மைதானத்தின் ஓரத்தில், அதே முகங்களோடு நிற்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய மாவட்டங்களில் கழகச் சுற்றுப்போட்டிகளையும் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளையும் எழுதுகின்ற இளம் நிருபர்களை மனதில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். விளையாட்டை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போகுமாறு இது கேட்கவில்லை. விளையாட்டுச் செய்தியை அது உண்மையில் முடிகின்ற இடம்வரை கொண்டுசெல்லும் முறையைத்தான் பேசுகிறது.

முதலாம் படி: மைதானத்துக்கு ஒரு கோப்புத் திறத்தல்

போட்டி இல்லாத ஒரு நாளில் மைதானத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு கோப்பை, அல்லது ஒரு கொப்பியில் சில பக்கங்களை, ஒதுக்கிக்கொள்ளுங்கள். முதலில் எழுத வேண்டியது காணி எவருடையது என்பது. பாடசாலைக் காணி, பிரதேச சபைக் காணி, தனியார் கொடையாகக் கொடுத்த காணி, அனுமதிப்பத்திரக் காணி, குளத்துக்கு ஒதுக்கிய காணி, வனவளத் திணைக்களம் தன்னுடையது என்று எல்லைக்கல் நாட்டிய காணி என்று வன்னியில் இதற்குப் பல விடைகள் உண்டு. ஒரே மைதானத்துக்கு இரண்டு விடைகள் கிடைத்தால், நாளைக்கு வரப்போகும் பிணக்கை இன்றைக்கே கண்டுவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

அடுத்து, அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள். போர் முடிந்த 2009 மே மாதத்துக்கு முந்திய மாதங்களில் மக்கள் தறப்பாள் கொட்டில்களில் தங்கிய இடமா? அதன்பின் படைமுகாமாக இருந்ததா? கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலமா, அகற்றப்பட்டதெனில் எல்லை எதுவரை? கண்ணிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடிபொருள்களை முற்றாக அகற்றுவதற்கு அதன்படி உள்ள காலக்கெடு 2028 ஜூன் 1 ஆகும். ஆகவே பற்றைக்குள் விழுந்த பந்தை எடுக்க ஓடும் சிறுவனின் பாதை இங்கே இன்னும் செய்திக்குரிய விடயமே. முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோதுதான். எனவே வன்னியில் மைதானம் சமப்படுத்தும் வேலை தொடங்குகிறது என்றால், அதை ஒப்பந்தத் தொகையோடும் அடிக்கல் நாட்டிய பிரமுகரின் பெயரோடும் முடித்துவிட முடியாது.

மூன்றாவதாக, மண்ணையும் நீரையும் பற்றி எழுதுங்கள். மைதானத்தை உயர்த்தப் பறித்த கிரவல் எந்தக் காட்டிலிருந்து, எவருடைய அனுமதியோடு வந்தது? மாரி மழையில் நீர் எந்தப் பக்கம் வடிகிறது? கோடையில் வற்றிய குளத்தின் அலைகரையில் பெடியன்கள் மென்பந்து ஆடுவது வன்னியில் தலைமுறைகளாக உள்ள வழக்கம். கார்த்திகையில் குளம் தன் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், எவருக்கும் குறையில்லை. ஆனால் அதே அலைகரையில் நிரந்தரப் பார்வையாளர் அரங்கு எழும்போது குளத்தின் கொள்ளளவு குறைகிறது, மிகைநீர் வான் பாயும் திசை மாறுகிறது, கீழேயுள்ள வயற்காரருக்கும் கழகத்துக்கும் இடையே முறுகல் பிறக்கிறது. சூழலைப் பற்றிய செய்தியும் சமூக மோதலைப் பற்றிய செய்தியும் இங்கே ஒரே செய்திதான். அவற்றைப் பிரிப்பது பத்திரிகைப் பக்கங்களின் வசதிக்காக மட்டுமே.

இரண்டாம் படி: தரப்புகளை எண்ணுதல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்து உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டியின் அரையிறுதி, இரண்டாம் பாதியில் நடுவர் வழங்கிய தண்ட உதையோடு நின்றுபோனது. ‘நடுவரின் தீர்ப்பினால் இரு அணிகளின் ஆதரவாளர்களுக்கிடையே கைகலப்பு’ என்று நான்கு வரி எழுதி அனுப்பினேன். ஒரு கிழமை கழித்து அந்த ஊர்த் தேநீர்க்கடையில் அமர்ந்தபோதுதான் விடயம் விளங்கியது. ஒரு கிராமத்தின் மாடுகள் மற்றைய கிராமத்தின் காலபோக வயலுக்குள் இறங்கியிருந்தன. அந்த மாடுகளுக்குப் பரம்பரையாக இருந்த மேய்ச்சல் தரைக்கு அதற்கு முந்திய ஆண்டு வேலி விழுந்திருந்தது. தண்ட உதை தீக்குச்சி மட்டுமே. வைக்கோற்போர் முன்பே அடுக்கப்பட்டிருந்தது. நான் எழுதிய நான்கு வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்தவர் எவருக்கும் எதுவும் விளங்கியிருக்காது.

அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறை எளிமையானது. மோதல் நடந்தவுடன் ஒரு தாளில் மூன்று வட்டங்கள் வரைகிறேன். முதல் வட்டத்தில் மைதானத்துக்குள் நின்றவர்கள்: வீரர், நடுவர், பயிற்றுநர், கழக நிருவாகம். அடுத்த வட்டத்தில் கோட்டுக்கு வெளியே நின்றவர்கள்: ஆதரவாளர், அனுசரணையாளர், பொலிஸார், வட்ஸ்அப்பில் காணொளி அனுப்பியவர்கள். மூன்றாம் வட்டத்தில் அன்று அங்கே வராதவர்கள்: மாட்டுக்காரர், வயற்காரர், கமக்காரர் அமைப்பு, வேலி அடைக்க உத்தரவிட்ட அலுவலகம். செய்தியின் வேர் பெரும்பாலும் மூன்றாம் வட்டத்தில்தான் இருக்கும். அந்த வட்டத்திலிருந்து குறைந்தது ஒருவருடனாவது பேசாமல், காரணம் என்ற சொல்லை நான் எழுதுவதில்லை.

இரணைமடு நீர்ப் பிணக்கு இதற்கு நல்ல பாடம். யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் குடிநீர் வழங்கும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் நிதி ஒப்புதல் அளித்தது. இரணைமடுக் குளத்தின் நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் பகுதிக்குக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் யாழ்ப்பாண மாவட்டத்தின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திட்டம் மாறியது. அந்த ஆண்டுகளில் இதைப் பேசியவர்களில் பலர் ‘யாழ்ப்பாணமா, கிளிநொச்சியா’ என்று ஓர் இறுதியாட்டத்தைப் போலவே பேசினர். சிறுபோகத்தில் குளத்தின் நீர் எத்தனை ஏக்கருக்குப் போதும், பங்கீட்டில் வாலில் உள்ள வயலுக்கு என்ன கிடைக்கும், யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் ஏன் கெட்டது, குத்தகைக்கு வயல் செய்பவரின் குரல் கமக்காரர் அமைப்பில் எவ்வளவு கேட்கிறது என்ற கேள்விகளெல்லாம் அந்த இறுதியாட்டத்தின் சத்தத்தில் அமிழ்ந்தன. ஒரு பக்கம் வென்றது என்று முடிக்கக்கூடிய கதை அதுவல்ல.

மூன்றாம் படி: சொற்களைச் சலித்தல்

விளையாட்டுத் தமிழ் போர்த் தமிழிலிருந்து கடன் வாங்கியே வளர்ந்தது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் துடுப்பாட்டத்தையே ‘வடக்கின் பெரும் போர்’ என்கிறோம். சமர், முற்றுகை, துவம்சம், நிர்மூலம் என்ற சொற்கள் இல்லாமல் ஒரு போட்டிச் செய்தியை எழுதத் திணறும் நிருபர்கள் நம்மிடையே உண்டு. வேறு ஊர்களில் இவை வெறும் அலங்காரமாக இருக்கலாம். முற்றுகை என்ற சொல்லுக்குத் தம் வாழ்நாளில் நேரான பொருள் கண்டவர்கள் வாசிக்கும் மாவட்டத்தில், ‘முல்லைத்தீவு அணியை முற்றுகையிட்டு நிர்மூலமாக்கினர்’ என்று எழுதும்முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘மூன்று கோல்களால் வென்றனர்’ என்பதில் எந்தக் குறையும் இல்லை.

மனிதரைச் சுட்டும் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மாவட்ட அணிகளில் ஆடுகிறார்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீண்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். ‘வந்தவர்கள்’ என்ற ஒற்றைச் சொல், அது மேற்கோளாகவே இருந்தாலும், அந்தப் பிள்ளையை மறுபடியும் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. சாதியின் பெயரை எழுதாமல் விடுவது நம்மிடையே நாகரிகமாகக் கருதப்படுகிறது. ஆனால் ஒரு கழகத்தில் குறித்த குடியிருப்பின் பிள்ளைகளுக்கு மட்டும் அங்கத்துவம் மறுக்கப்படுகிறது என்றால், ‘இரு குழுக்களுக்கிடையே மனக்கசப்பு’ என்று மழுப்புவது மறுத்தவரைத்தான் காப்பாற்றும். பாகுபாட்டைப் பெயர் சொல்லி எழுதுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டாமல் எழுதுங்கள்.

முன்னாள் போராளி, மாற்றுத்திறனாளி, காணாமல் ஆக்கப்பட்டவரின் மகள் போன்ற அடைமொழிகளுக்கும் ஒரு சோதனை உண்டு. அந்தத் தகவல் இல்லாமல் செய்தி விளங்குமா? விளங்கும் என்றால் விட்டுவிடுங்கள். விளங்காது என்றால், உரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த சொற்களிலேயே எழுதுங்கள்.

இதில் மிகக் கடினமான உதாரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 30 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து, கையில் குறைபாடுள்ளவர்களுக்கான எஃப்46 பிரிவில் உலக சாதனையோடு இலங்கையின் முதலாவது பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். அவர் இராணுவ வீரர். 2008 டிசம்பரில் கிளிநொச்சிப் போர்முனையில் கையில் காயமடைந்தவர். கிளிநொச்சியில் இருந்து எழுதும் ஒரு தமிழ் நிருபர் இதை எப்படி எழுதுவது? சாதனையை மட்டும் எழுதிக் காயத்தின் இடத்தை மறைப்பதும் சரியல்ல, காயத்தின் இடத்தைச் சொல்லிச் சாதனையைச் சிறுமைப்படுத்துவதும் சரியல்ல என்பது என் முடிவு. எறிந்த தூரத்தை முழுமையாக எழுதலாம்; காயம் எங்கே பட்டது என்பதை ஒரே வரியில், எந்த அடைமொழியும் இல்லாமல் எழுதலாம். அதன்பின், அதே போரில் அதே மாவட்டத்தில் கால் இழந்த பொதுமக்களுக்கும் முன்னாள் போராளிகளுக்கும் பயிற்சிக்கு எந்த மைதானம் இருக்கிறது என்ற தனிச் செய்தியை எழுதலாம். அந்த இரண்டாவது செய்திக்கு நாம்தான் பொறுப்பு. கொழும்பிலிருந்து எவரும் வந்து அதை எழுதப்போவதில்லை.

நான்காம் படி: சூழலை உடலில் வாசித்தல்

சுற்றாடல் என்றவுடன் பலருக்குக் கருத்தரங்கு நினைவுக்கு வருகிறது. விளையாட்டு நிருபருக்கு அது மூச்சிலும் வியர்வையிலும் தெரிகிறது. 2017 டிசம்பர் 3 அன்று டெல்லி டெஸ்ட் போட்டியில் இலங்கை வீரர்கள் முகமூடி அணிந்து களத்தடுப்பில் நின்றனர். லஹிரு கமகேயும் சுரங்க லக்மாலும் களத்தை விட்டு வெளியேறினர், ஆட்டம் பலமுறை தடைப்பட்டது, இறுதியில் விராட் கோலி இந்தியாவின் இன்னிங்ஸை இடைநிறுத்தினார். இலங்கை அணி நாடகமாடுகிறது என்ற தொனியில் அன்று எழுதியவர்கள் பலர். இரண்டு நாட்களின் பின் இந்தியப் பந்துவீச்சாளர் மொஹமட் ஷமியும் மைதானத்தில் வாந்தி எடுத்தார். நகரின் காற்றுத் தர அளவீடு எல்லோருக்கும் பார்க்கக் கிடைத்தது. அதைத் தங்கள் முதல் பந்தியில் போட்ட நிருபர்களின் செய்தி அந்த இரண்டு நாட்களின் பின்னும் நின்றது. அணியின் நோக்கத்தை ஊகித்தவர்களின் செய்தி நிற்கவில்லை.

வெப்பத்தின் கதையும் அப்படித்தான். 2019இல் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டியின் மகளிர் மரதன் வெயிலுக்கு அஞ்சி நள்ளிரவில் ஓட்டப்பட்டது. தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. நமக்கு இன்னும் நெருக்கமானது 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் நடந்தது: பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அந்த நாட்களில் நாட்டின் பல பகுதிகளிலும் கடும் வெப்பம் குறித்து எச்சரிக்கைகள் இருந்தன. நம்முடைய பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் பெரும்பாலும் தை முதல் பங்குனி வரை நடக்கின்றன. வலயமட்டம், மாகாணமட்டம் என்று போகப்போக வெயில் ஏறிக்கொண்டே போகும். அணிநடைக்கும் இல்லச் சோடனைக்கும் பிரதம விருந்தினரின் உரைக்கும் இடையே பிள்ளைகள் எத்தனை நிமிடம் நிழலின்றி நிற்கிறார்கள் என்பதை நான் கடிகாரம் வைத்து எழுதிவருகிறேன். பிரதம விருந்தினர் அமர்வது பந்தலுக்குள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை இவை. மரதன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வழியில் இருந்த நீர் நிலையங்களின் எண்ணிக்கை, அவற்றுக்கிடையே உள்ள தூரம், முதலுதவியாளர், வாகனம் ஆகியவற்றைக் குறியுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றைய வெப்பச் சுட்டெண் அறிவுறுத்தலைச் சேமித்து வையுங்கள். நிழலில் உள்ள வெப்பநிலை மட்டும் போதாது. ஈரப்பதன், வெயில், காற்று ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணிக்கும் அளவே ஓடும் உடலுக்குப் பொருந்தும். முல்லைத்தீவுக் கரையோரத்தின் 33 பாகையும் வவுனியாவின் 33 பாகையும் உடலுக்கு ஒன்றல்ல.

நீரைப் பொறுத்தவரை ஒரு வெளியூர் உதாரணம் உதவும். மகாராஷ்டிராவில் கடும் வரட்சி நிலவிய 2016இல், ஏப்ரல் 30க்குப் பின்னரான ஐபிஎல் போட்டிகளை மாநிலத்துக்கு வெளியே நடத்துமாறு மும்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆடுகளத்துக்கு ஊற்றும் நீரைப் பற்றியே செய்தி பெரிதாகியது. அந்த மாநிலத்தின் பாசன நீரில் கரும்பு குடிக்கும் பங்கோடு ஒப்பிட்டால் ஆடுகளத்தின் நீர் துளியளவுதான். கண்ணுக்குத் தெரியும் வீண்செலவு ஒன்று, கண்ணுக்குத் தெரியாத பெருஞ்செலவை மறைக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, புற்தரைக்கு நீர் இறைக்கும் குழாய்க் கிணற்றைப் பற்றி எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணைத் திருப்பிப் பார்த்தல்

கட்டாருக்கு வேலைக்குச் சென்றவர் இல்லாத கிராமம் வன்னியில் அரிது. 2021 பெப்ரவரியில் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகை, உலகக்கிண்ணம் கட்டாருக்கு வழங்கப்பட்ட பின் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர் அங்கு இறந்ததாக எழுதியது. அந்த எண் எல்லாக் காரணங்களாலும், எல்லாத் தொழில்களிலும் இறந்தவர்களைக் குறித்தது. கைமாறிக் கைமாறி வரும்போது அது ‘மைதானம் கட்டியபோது இறந்த 6,500 பேர்’ என்று திரிந்தது. திரிந்த எண்ணை மறுப்பது எளிது. அதை மறுத்தவர்கள் உண்மையான கேள்வியையும் சேர்த்து ஒதுக்கிவிட்டனர். மரண விசாரணை ஏன் ஒழுங்காக நடக்கவில்லை, வெப்பத்தால் இறந்தவரை ஏன் இயற்கை மரணம் என்று பதிந்தார்கள் என்பவையே அந்தக் கேள்விகள்.

இங்கேயும் எண்கள் வழுக்கும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் அடங்கும். ‘வன்னிக்கு ஒதுக்கிய நிதி’ என்று ஓர் அரசியல்வாதி மேடையில் சொன்னால் எந்த வன்னி என்று கேட்காமல் எழுதக்கூடாது. வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கையை அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமிருந்து பெறும்போது எத்தனை மணிக்குரிய எண் என்பதையும் எழுதுங்கள். அது நாளுக்கு இருமுறையாவது மாறும்.

ஆறாம் படி: கடதாசியைக் கேட்டுப் பெறுதல்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இவ்வளவு வசதி இருந்தும் விளையாட்டு நிருபர்கள் இதைத் தொடுவதில்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கேள்வியைச் சிறிதாக வையுங்கள். ‘மைதான அபிவிருத்தி பற்றிய விபரங்கள்’ என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதம் வரும். குறித்த மைதானத்தின் காணி உரிமை ஆவணப் பிரதி, கிரவல் பெறப்பட்ட இடமும் அதற்குரிய அனுமதிப்பத்திரத்தின் இலக்கமும், வடிகால் வரைபடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மண், கிரவல் அகழ்வு அனுமதிக்குப் புவிச்சரிதவியல் ஆய்வு சுரங்கப் பணியகம், சுற்றாடல் அனுமதிக்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை, வயல் நிலம் நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பெரிய குளங்களின் ஒதுக்கீட்டு நிலத்துக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் என்று அலுவலகங்கள் வேறுபடும். ஓர் அலுவலகத்தின் விடை மற்றைய அலுவலகத்தின் விடையோடு பொருந்தாத இடத்தில் பேனாவைத் திறவுங்கள். எனக்கு ஒருமுறை ஒரே வீதியில் உள்ள இரண்டு அலுவலகங்கள் ஒரே காணிக்கு இரண்டு வேறு பரப்பளவுகளை எழுத்தில் தந்தன.

ஏழாம் படி: கேட்கும் முறை

தோற்ற வீரரிடம் ஆட்டம் முடிந்த மூன்றாம் நிமிடத்தில் ஒலிவாங்கியை நீட்டும் பழக்கத்தை, இழப்பைச் சுமக்கும் மனிதரிடம் காட்டாதீர்கள். மறுநாள் போகலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரோடு பேசும்போது பெற்றோரின் சம்மதமும், ஆசிரியர் அல்லாத ஒரு பெரியவரின் உடனிருப்பும் வேண்டும். ஏனெனில் முறைப்பாடு சில வேளைகளில் ஆசிரியரைப் பற்றியதாகவே இருக்கும். பெண்கள் அணியிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி பயிற்சி முடிந்து வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதுதான். வீதி விளக்கு, கடைசிப் பேருந்து, யானை வரும் பாதை என்று அந்த ஒரு கேள்வி திறக்கும் கதவுகள் பல. சிறந்த வலைப்பந்தாட்ட வீராங்கனை மாகாணமட்டத்துக்குப் போகாமல் நின்றதற்கு ஆட்டத்திறனில் காரணம் தேடி அலைந்து, கடைசியில் காரணம் மாலைப் பேருந்து என்று அறிந்தவன் நான்.

எட்டாம் படி: விழாக்களுக்குப் பின் திரும்பிச் செல்லுதல்

நல்லிணக்கத்துக்கான போட்டிகள் வன்னிக்குப் புதியவையல்ல. முத்தையா முரளிதரனின் பெயரில் 2012இல் தொடங்கிய கிண்ணப் போட்டி கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நாட்டின் பல பகுதிகளின் பாடசாலை அணிகளை ஒன்றாக ஆடவைத்தது. பிள்ளைகள் ஒன்றாக ஆடுவது நல்லதே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரு மொழிப் பிள்ளைகள் கைகுலுக்கும் படத்தோடு செய்தியை முடிப்பது விளம்பரப் பிரிவின் வேலை. அந்தப் பிள்ளைகள் மறுபடி சந்தித்தார்களா, அந்த ஆடுகளத்தை அடுத்த ஆண்டு எவர் பராமரித்தார், உள்ளூர்ப் பயிற்றுநருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பன நம் கேள்விகள். படைத்தரப்பு நடத்தும் போட்டிக்கும், புலம்பெயர் உறவுகளின் நிதியில் நடக்கும் போட்டிக்கும், கட்சிக்காரர் கிண்ணம் கொடுக்கும் போட்டிக்கும் அதே கேள்விகள்தான். ஒருவரிடம் கேட்டு மற்றவரிடம் கேட்காமல் விட்டால் அது நிருபரின் பக்கச்சார்பு.

பசுமை வாக்குறுதிகளும் இப்படியே. 2022 உலகக்கிண்ணம் காபன் நடுநிலையானது என்று பீபா சொன்ன கூற்று நிரூபிக்கப்படாதது, தவறாக வழிநடத்துவது என்று 2023 ஜூனில் சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்குமுறை அமைப்பு தீர்ப்பளித்தது. நம்மூரில் அதன் சிறிய வடிவம் ஆரம்ப விழாவில் மரம் நடுதல். நட்ட மரங்களை எண்ணுங்கள், படம் எடுங்கள், ஆவணி மாதத்தில் திரும்பிச் சென்று மறுபடி எண்ணுங்கள். ஒரு வருடம் நான் எண்ணிய வரிசையில், ஒரே குழியில் மூன்றாவது முறையாக மரம் நடப்பட்டிருந்தது.

ஒன்பதாம் படி: எழுதும் ஒழுங்கு

காலியில் 2022 ஜூலை 9 அன்று இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான இரண்டாவது டெஸ்டின் இரண்டாம் நாள் ஆட்டம் நடந்தபோது, கோட்டைச் சுவரின் மேலும் மைதானத்தின் வெளியிலும் அரசுக்கு எதிரான போராட்டக்காரர் திரண்டு நின்றனர். கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த நாளும் அதுவே. ஆட்டம் நிற்கவில்லை. பின்னர் தினேஷ் சந்திமால் ஆட்டமிழக்காமல் 206 ஓட்டங்கள் எடுக்க இலங்கை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. இப்படியொரு நாளில் நிருபர் ஓட்டங்களை முதலில் எழுதுவதா, கூட்டத்தை முதலில் எழுதுவதா?

என் விடை இது. ஆட்டத்தின் முடிவை மாற்றிய சம்பவம் என்றால் அது முதற் பந்திக்கு வர வேண்டும். முடிவை மாற்றாமல், ஆனால் மைதானத்தில் இருந்த எவருக்கும் தெரிந்ததாக இருந்தால் இரண்டாம் பந்திக்கு வர வேண்டும். மைதானத்தில் எவருக்கும் தெரியாதது, நீங்கள் தோண்டி எடுத்தது என்றால் அது தனிச் செய்தி. போட்டிச் செய்தியின் வாலில் அதைக் கட்டினால் இரண்டும் கெடும்.

வாக்கியத்தில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு ஒரு மாதிரி. ‘மழையினால் ஆட்டம் கைவிடப்பட்டது’ என்பது வழமையான வரி. ‘இரவு பெய்த மழையின் நீர் நண்பகல்வரை வடியாததால் ஆட்டம் கைவிடப்பட்டது, மைதானத்தின் கிழக்கே இருந்த வாய்க்கால் கடந்த ஆண்டு கிரவல் கொட்டி மூடப்பட்டதாக அருகிலுள்ள வயற்காரர் இருவர் தெரிவித்தனர், கழகத் தலைவர் அதை மறுத்தார்’ என்பது அதே அளவு பொறுமையோடு ஒரு படி மேலே செல்லும் வரி. குற்றச்சாட்டும் மறுப்பும் அதில் உண்டு. வாய்க்கால் இருந்ததா என்பதைப் பழைய நில அளவைப் படத்தில் நீங்கள் பார்த்துவிட்டால் மூன்றாவது ஒரு துண்டும் சேரும். அந்தத் துண்டுதான் செய்தியின் எடை.

பத்தாம் படி: உங்களையும் உங்களுக்குச் சொன்னவரையும் காத்தல்

காணி, மணல், புதைகுழி, போராட்டம் ஆகியவற்றைப் படம் பிடிக்கும்போது வன்னியில் நிருபர்கள் விசாரிக்கப்படுவதும் தாக்கப்படுவதும் நடந்திருக்கின்றன. மணல் ஏற்றும் இடத்துக்குத் தனியே போகாதீர்கள். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஆசிரியபீடத்தில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். தகவல் தந்தவரின் பெயரைத் தொலைபேசியில் முழுமையாகச் சேமிக்காதீர்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து இருக்கிறது, 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. முகநூலில் அவசரப்பட்டு இடும் ஒரு வரி, அச்சில் ஆசிரியர் பார்த்து விடும் ஒரு பக்கத்தைவிட உங்களைச் சிக்கலில் மாட்டக்கூடும். தகவல் தந்தவர் உங்களைவிட நெருக்கமான ஆபத்தில் இருப்பவர். நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விடுவீர்கள். அவர் அதே கழகத்தில், அதே வாய்க்கால் ஓரத்தில், நாளைக்கும் இருப்பார். செய்தி வெளிவந்த மறுநாள் அவருக்கு ஓர் அழைப்பு எடுங்கள்.

கோப்பை மூட வேண்டாம். கார்த்திகை நடுவில் முதற் பெருமழை விழுந்த மறுநாள் காலை, போட்டி எதுவும் இல்லாவிட்டாலும், மைதானத்துக்கு ஒருமுறை போய் நீர் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துத் திகதியோடு எழுதி வையுங்கள். மாசியில் அடுத்த சுற்றுப்போட்டி அறிவிக்கப்படும்போது அந்தப் பக்கம் தேவைப்படும்.